ஒன்பது இலக்கங்களுக்குப் பின்னால் ஒரு பெண்மணி

பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பிவைத்த தமிழ்நாட்டுப் பெற்றோர் பலருக்கு ஒரு சொல் பழக்கமாகியிருக்கும். அங்கே வேலையில் சேருவோர் முதலில் பெற வேண்டியது, ஒன்பது இலக்கங்கள் கொண்ட சோஷியல் செக்யூரிட்டி எண். ஊதியம் பெறவும் வரி செலுத்தவும் கடன் வாங்கவும் அந்த எண் வேண்டும். நாளடைவில் அது அடையாள எண்ணாகவே மாறிவிட்டது. ஆனால், அது பிறந்த காரணம் வேறு. உழைக்க இயலாத முதுமையில் ஒரு தொழிலாளி எவரிடமும் கையேந்தாமல் உண்ண வேண்டும். அதற்காக, அவர் உழைக்கும் காலத்தில் செலுத்தும் பங்கு அவர் பெயரில் கணக்கு வைக்கப்பட வேண்டும். அந்தக் கணக்குக்கு இட்ட எண்தான் அது.

சமூகப் பாதுகாப்புச் சட்டம் என்ற அந்த ஏற்பாட்டின் பெருமையை வரலாறு அதிபர் ஃபிராங்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு அளித்திருக்கிறது. 1935 ஆகஸ்ட் 14 அன்று அவர் அதில் கையொப்பமிடும் புகைப்படம் புகழ்பெற்றது. சுற்றிலும் ஆண்கள் சூழ்ந்திருக்க, ரூஸ்வெல்ட்டுக்குப் பின்னால் ஒரு பெண்மணி நிற்கிறார். அவர்தான் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் ஃபிரான்சிஸ் பெர்கின்ஸ். அமெரிக்க அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண். அந்தச் சட்டத்தை எழுதச் செய்தவரும், நிறைவேறும்வரை அதைத் தோளில் சுமந்தவரும் அவரே.

பெர்கின்ஸ் 1880 ஏப்ரல் 10 அன்று பாஸ்டனில் பிறந்தார். தந்தை எழுதுபொருள் வணிகம் செய்தவர். உழைப்பவர் உயர்வர், சோம்பேறிகளும் குடிகாரர்களுமே வறியவர் ஆவர் என்று நம்பிய நடுத்தரக் குடும்பம். ஏழைகளைப் பற்றி வசதியானவர்கள் எந்த நாட்டிலும் எந்தக் காலத்திலும் சொல்லும் விளக்கம் இதுதான் போலும்.

அந்த நம்பிக்கை கல்லூரியில் உடைந்தது. மவுண்ட் ஹோலியோக் கல்லூரியில் அவர் முதன்மைப் பாடமாக எடுத்தது இயற்பியல். உடன் படித்த பொருளாதார வரலாற்றுப் பாடத்தின் பேராசிரியை, மாணவியரை அருகிலிருந்த ஆலைகளுக்கு அனுப்பி, தொழிலாளர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று நேரில் பார்த்து எழுதிவரச் சொன்னார். இயந்திரத்தில் கையை இழந்த ஒருவரின் குடும்பம் அடுத்த வாரமே பட்டினியில் விழுவதற்கும் அவருடைய ஒழுக்கத்துக்கும் தொடர்பில்லை என்பதை அந்த இளம்பெண் புரிந்துகொண்டார்.

1902-இல் பட்டம் பெற்று, சில ஆண்டுகள் ஆசிரியராகப் பணியாற்றினார். சிகாகோ அருகே பள்ளியொன்றில் கற்பித்தபோது, ஜேன் ஆடம்ஸ் நடத்திய ஹல் ஹவுஸ் சேவை இல்லத்துக்கு ஓய்வு நேரங்களில் சென்று குடியேறிகளின் சேரிகளில் தொண்டு செய்தார். பிறகு ஃபிலடெல்ஃபியாவில், வேலை தேடி நகருக்கு வரும் ஏழைப் பெண்களை ஏமாற்றிச் சீரழித்த போலி வேலைவாய்ப்பு முகவர்களை விசாரிக்கும் பணி. அங்கிருந்து நியூயார்க் சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1910-இல் முதுநிலைப் பட்டம் பெற்றார். சேரிக் குழந்தைகளின் ஊட்டச்சத்துக் குறைபாடு அவருடைய ஆய்வுப் பொருள். அதே ஆண்டு நியூயார்க் நுகர்வோர் சங்கத்தின் செயலாளரானார்.

அவருடைய வாழ்வைத் திருப்பிய நாள் 1911 மார்ச் 25, சனிக்கிழமை. வாஷிங்டன் சதுக்கத்தின் ஓரத்திலிருந்த தோழி வீட்டில் பெர்கின்ஸ் தேநீர் அருந்திக்கொண்டிருந்தார். தெருவில் தீயணைப்பு வண்டிகளின் ஓசை. ஓடிச்சென்று பார்த்தவர்களில் அவரும் ஒருவர். டிரையாங்கிள் என்னும் பெண்கள் மேலாடை தைக்கும் தொழிலகம், ஒரு பத்து மாடிக் கட்டடத்தின் மேல் மூன்று தளங்களில் இயங்கிவந்தது. எட்டாவது தளத்தில் பற்றிய தீ சில நிமிடங்களில் மேலே பரவியது. ஒன்பதாவது தளத்தின் ஒரு கதவு பூட்டியிருந்தது. கட்டடத்தின் வெளிப்புறத்து இரும்புப் படிக்கட்டு பாரம் தாங்காமல் முறிந்து விழுந்தது. தீயணைப்பு வீரர்களின் ஏணி ஆறாவது தளம் வரைதான் எட்டியது. சன்னல் விளிம்புகளில் நின்ற பெண்கள் ஒருவர்பின் ஒருவராகக் குதித்ததைத் தரையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. இறந்தவர்கள் 146 பேர். பெரும்பாலோர் யூத, இத்தாலியக் குடும்பங்களிலிருந்து வந்த இளம்பெண்கள். தொழிலகத்தின் உரிமையாளர்கள் மீதான வழக்கில் அவர்கள் விடுதலை செய்யப்பட்டனர்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு இந்தப் பெண்களில் பலர் வேலைநிறுத்தம் செய்து பாதுகாப்பும் நியாயமான கூலியும் கேட்டவர்கள் என்பது பெர்கின்ஸுக்குத் தெரியும். அப்போது கேட்காத நகரம், இப்போது பிணங்களை அடையாளம் காண வரிசையில் நின்றது.

இரங்கற் கூட்டங்களோடு அது முடிந்திருக்கலாம். எத்தனை விபத்துகள் அப்படி முடிகின்றன? மக்களின் சினத்திலிருந்து பாதுகாப்புக் குழு ஒன்று உருவாயிற்று. பெர்கின்ஸ் அதன் செயலாளரானார். மாநில அரசு அமைத்த ஆலை விசாரணை ஆணையத்துக்கு ராபர்ட் வாக்னர், ஆல் ஸ்மித் என்ற இரு சட்டப்பேரவைத் தலைவர்கள் பொறுப்பேற்றனர். அறிக்கைகள் படித்து அரசியல்வாதிகள் மாறுவதில்லை என்பதை பெர்கின்ஸ் அறிந்திருந்தார். ஆகவே, அவர்களை ஆலைகளுக்கே அழைத்துச் சென்றார். பத்து மணி நேர இரவுப் பணி முடிந்து பெண்கள் தளர்ந்து வெளியே வருவதை விடியற்காலையில் நின்று பார்க்கச் செய்தார். அவசர வழி என்று காட்டப்பட்ட சுவரின் சிறு பொந்து ஒன்றில் வாக்னரையே நுழைந்து, பனி உறைந்த ஏணியில் இறங்கிப் பார்க்க வைத்தார். காய்கறிகளை டப்பாக்களில் அடைக்கும் ஆலைகளில் சின்னஞ்சிறு குழந்தைகள் வேலை செய்வதையும் காட்டினார். அடுத்த சில ஆண்டுகளில் நியூயார்க் மாநிலம் முப்பதுக்கும் மேற்பட்ட தொழிலாளர் பாதுகாப்புச் சட்டங்களை இயற்றியது. வெளியேறும் வழிகள், தீத்தடுப்புப் பயிற்சி, தண்ணீர் தெளிக்கும் கருவிகள் என்று இன்று எந்தக் கட்டடத்திலும் இயல்பாக எதிர்பார்ப்பவை பலவும் அப்போது சட்டத்தில் ஏறின.

அதே காலத்தில் நடந்த மற்றொன்றைச் சொல்லாமல் அவரைப் புரிந்துகொள்ள முடியாது. பெண்களின் வேலை நேரத்தை வாரத்துக்கு 54 மணியாகக் குறைக்கும் மசோதாவுக்காக அவர் சட்டப்பேரவையின் தாழ்வாரங்களில் நடையாய் நடந்தார். 1912-இல் கடைசி நேரத்தில், டப்பா ஆலைகளுக்கு விலக்களித்தால் மட்டுமே மசோதா நிறைவேறும் என்ற நிலை. அந்த ஆலைகளின் பெண்கள்தாம் மிகக் கொடிய நிலையில் இருந்தவர்கள். அவர்களை விட்டுவிட்டு மற்றவர்களுக்குப் பெற்றுக்கொள்வதா, யாருக்கும் இல்லாமல் போகட்டும் என்று கொள்கையில் நிற்பதா? முப்பத்தொரு வயதுப் பெண் அந்தத் தாழ்வாரத்தில் நின்று தனியாக முடிவெடுத்தார். கிடைத்ததைப் பெற்றுக்கொண்டார். தோழர்கள் சிலர் கடிந்துகொண்டனர். அவருடைய வழிகாட்டியான ஃபுளோரன்ஸ் கெல்லி பாராட்டினார். இதே கேள்வி அவரை மீண்டும் ஒருமுறை, இன்னும் பெரிய அளவில் எதிர்கொள்ள இருந்தது.

ஆண்களின் அரசியல் உலகில் ஒரு பெண் எப்படிச் செயல்படுவது என்பதையும் அவர் ஒரு பாடமாகவே பயின்றார். தங்கள் தாயை நினைவூட்டும் பெண்ணிடம் அரசியல்வாதிகள் சற்றே அடக்கமாக நடந்துகொள்கிறார்கள் என்று கவனித்தார். அன்று முதல் கறுப்பு உடை, முத்துமாலை, முக்கோணத் தொப்பி. ஆண்களின் மனப்போக்கைப் பற்றித் தாம் கண்டறிந்தவற்றைக் குறிப்பெழுதி ஒரு சிவப்பு உறையில் போட்டு வைத்திருந்தாராம். அந்த உறையிலிருந்த தாள்கள் அக்கால அமைச்சர்கள் சிலரைப் பற்றிய மிகச் சிறந்த ஆய்வாக இருந்திருக்கும்!

1913-இல் பால் வில்சன் என்ற பொருளாதார அறிஞரை மணந்தார். திருமணத்துக்குப் பின்னரும் தம் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. 1916-இல் மகள் பிறந்தாள். வீட்டிலிருந்து குழந்தையை வளர்த்துக்கொண்டு, விரும்பிய தொண்டைச் செய்யலாம் என்ற எண்ணம் நீடிக்கவில்லை. 1918-இல் கணவரின் மனநிலை பாதிக்கப்பட்டது. ஒரு நேரம் அளவற்ற உற்சாகம், மறு நேரம் அடியற்ற சோர்வு. குடும்பத்தின் செல்வத்தையும் அவர் ஊக வணிகத்தில் இழந்திருந்தார். அதன்பின் வாழ்நாள் முழுவதும் மனநல மருத்துவமனைகளுக்குள்ளும் வெளியிலுமாகவே பால் வில்சன் இருந்தார். மருத்துவச் செலவு, செவிலியர் ஊதியம், மகளின் கல்வி அனைத்தும் பெர்கின்ஸின் சம்பளத்தில். மனநோய் குடும்பத்துக்கு இழுக்கு என்று கருதப்பட்ட காலம் அது. இதைப் பற்றி அவர் பொதுவெளியில் பேசியதே இல்லை. அவரது இறுக்கத்தைக் கண்ட பத்திரிகையாளர்கள் அவரைக் கடுமையானவர் என்றும் மனிதத் தொடர்பற்றவர் என்றும் எழுதினார்கள்.

ஆளுநரான ஆல் ஸ்மித் 1919-இல் அவரை மாநிலத் தொழில் ஆணையத்தில் நியமித்தார். அடுத்து வந்த ஆளுநர் ரூஸ்வெல்ட் 1929-இல் தொழில்துறை ஆணையராக உயர்த்தினார். பெருமந்தம் தொடங்கியது. 1930 தொடக்கத்தில் வேலைவாய்ப்பு மேம்பட்டு வருவதாக அதிபர் ஹூவரின் அரசு அறிவித்தபோது, அந்தக் கணக்கு தவறென்று மாநில அதிகாரியான அவர் புள்ளிவிவரங்களோடு மறுத்தார். ஆள்வோர் அளித்த நம்பிக்கையான எண்களை அப்படி மறுத்துரைக்கும் அதிகாரிகள் அன்றும் அரிதாகவே இருந்தனர்.

1933 பிப்ரவரியில், அதிபராகத் தேர்வாகியிருந்த ரூஸ்வெல்ட் அவரை வீட்டுக்கு அழைத்துத் தொழிலாளர் நலத்துறையை ஏற்கக் கேட்டார். பெர்கின்ஸ் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு பட்டியலோடு சென்றிருந்தார். வேலையற்றோருக்கு உடனடி நிவாரணம், வேலை நேர வரம்பு, குறைந்தபட்ச ஊதியம், குழந்தைத் தொழில் ஒழிப்பு, வேலையின்மைக் காப்பீடு, முதியோர் ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு. இவற்றுக்கு உடன்பட்டால் மட்டுமே பதவி என்றார். ரூஸ்வெல்ட் உடன்பட்டார். அமைச்சர் பதவிக்கு இப்படி நிபந்தனை விதித்தவர்கள் உலக வரலாற்றில் மிகச் சிலரே இருப்பர்.

அன்றைய நிலை என்ன? தொழிலாளர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு வேலை இல்லை. வங்கிகள் மூடப்பட்டு முதியவர்களின் சேமிப்பு மறைந்திருந்தது. சில மாநிலங்களில் முதியோர் உதவித் திட்டங்கள் இருந்தன. கிடைத்தது சொற்பம், பெற்றவர்களும் சிலர். மற்றவர்களுக்குப் பிள்ளைகளின் தயவு, தேவாலயத்தின் தருமம், அதுவும் இல்லையேல் ஏழையர் விடுதி. அங்கே போய்ச் சேர்வதைச் சாவுக்கும் மேலான அவமானமாக மக்கள் அஞ்சினர். கலிபோர்னியாவைச் சேர்ந்த டவுன்சென்ட் என்ற மருத்துவர், அறுபது வயதான ஒவ்வொருவருக்கும் மாதம் 200 டாலர் தர வேண்டும் என்று தொடங்கிய இயக்கத்தில் இலட்சக்கணக்கான முதியவர்கள் சேர்ந்தனர். கருவூலம் தாங்காத தொகை அது. ஆனால், அத்தனை பேர் அதை நம்பினார்கள் என்பதே அவர்களின் நிராதரவைக் காட்டியது.

1934 ஜூனில் ரூஸ்வெல்ட் அமைத்த பொருளாதாரப் பாதுகாப்புக் குழுவுக்கு பெர்கின்ஸ் தலைவர். ஆறு மாத அவகாசம். முதல் தடை அரசமைப்புச் சட்டம். குடிமக்களின் முதுமைக்குக் காப்பீடு செய்ய மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டா என்பதே ஐயம். உச்சநீதிமன்றமோ ரூஸ்வெல்ட்டின் திட்டங்களை ஐயத்தோடு பார்த்தது. விடை ஒரு தேநீர் விருந்தில் கிடைத்தது. உச்சநீதிமன்ற நீதிபதி ஹார்லன் ஸ்டோனிடம் தம் சங்கடத்தை அவர் சொல்ல, வரி விதிக்கும் அதிகாரத்தின் கீழ் எதையும் செய்யலாமே என்று நீதிபதி தாழ்ந்த குரலில் வழிகாட்டினார். பிற்காலத்தில் பெர்கின்ஸே சொல்லிய செய்தி இது. தீர்ப்பளிக்க வேண்டியவர் இப்படி ஆலோசனை கூறியது முறைதானா என்று இன்று கேட்கத் தோன்றும், கேட்க வேண்டியதும்தான். அந்த ஆலோசனையின்படி, தொழிலாளியின் ஊதியத்தில் நூற்றுக்கு ஒன்று, முதலாளியிடமிருந்து அதே அளவு என்று வரியாகவே திட்டம் அமைந்தது.

அதில் ஆழ்ந்த பயன் ஒன்றும் இருந்தது. தான் செலுத்திய பங்குக்கு ஈடாகப் பெறும் தொகையை எவரும் தருமம் என்று சொல்ல முடியாது. ஏழை என்று நிரூபிக்க வேண்டாம், அதிகாரி வீட்டுக்கு வந்து அடுப்படியை எட்டிப்பார்க்க வேண்டாம். பின்னாளில் ஆட்சிக்கு வரும் எவரும் அதை எளிதில் பறித்துவிடவும் முடியாது.

டிசம்பர் இறுதியிலும் குழு முடிவுக்கு வரவில்லை. பெர்கின்ஸ் உறுப்பினர்களைத் தம் வீட்டுக்கு இரவில் அழைத்தார். தொலைபேசியைத் துண்டித்து, கதவைச் சாத்தி, மேசைமீது ஒரு மதுக்குப்பியை வைத்து, முடிவெடுக்காமல் எவரும் போக முடியாது என்றார். நள்ளிரவு தாண்டி அறிக்கை உறுதியாயிற்று.

ஆனால், நாடாளுமன்றத்தில் இரண்டு பெரிய பள்ளங்கள் விழுந்தன. முதலாவது மருத்துவக் காப்பீடு. மருத்துவர் சங்கத்தின் எதிர்ப்பு முழு மசோதாவையும் கவிழ்த்துவிடும் என்ற அச்சத்தில் அது முன்பே ஒதுக்கப்பட்டது. இரண்டாவது இன்னும் கசப்பானது. விவசாயக் கூலிகளுக்கும் வீட்டு வேலை செய்வோருக்கும் முதியோர் காப்பீடு இல்லை என்று முடிவாயிற்று. பெர்கின்ஸின் குழு அவர்களையும் சேர்க்கவே பரிந்துரைத்தது. நிர்வாகச் சிக்கலைக் காரணம் காட்டி விலக்கச் சொன்னவர் சக அமைச்சரான நிதித்துறை மார்கெந்தா. தென்மாநில உறுப்பினர்களுக்கு அது உவப்பாக இருந்தது. கறுப்பின உழைப்பாளர்களில் பெரும்பகுதியினர் வயலிலும் பிறர் வீட்டுச் சமையலறையிலும்தான் இருந்தனர். எவருக்குப் பாதுகாப்பு மிகவும் வேண்டுமோ அவர்களே வெளியில் நின்றனர்.

1912-இன் டப்பா ஆலைப் பெண்களைப் போலவே, 1935-இலும் பெர்கின்ஸ் கிடைத்ததை ஏற்றார். இது சரியா என்ற வாதம் வரலாற்று ஆசிரியர்களிடையே இன்றும் ஓயவில்லை. அன்று முழுமை கேட்டு நின்றிருந்தால் மசோதா மடிந்திருக்கும் என்றே இக்கட்டுரையாளர் நினைக்கிறார். ஆனால், அந்தக் காத்திருப்பின் விலையைக் கொடுத்தவர்கள் மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தவர்கள் அல்லர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1950, 1954 ஆண்டுகளின் திருத்தங்களில்தான் அந்தத் தொழிலாளர்களில் பெரும்பாலோருக்குச் சட்டத்தின் கதவு திறந்தது. அதற்குள் ஒரு தலைமுறை முதுமை எய்திவிட்டது.

சட்டத்தில் உள்ளே வந்தவை சிறியன அல்ல. முதியோர் காப்பீடு, வேலையின்மைக் காப்பீடு, தந்தையின் ஆதரவற்ற குழந்தைகளுக்கு உதவித்தொகை, பார்வையற்றோருக்கு உதவி, தாய்-சேய் நலப்பணி, உடல் ஊனமுற்ற குழந்தைகளுக்குச் சிகிச்சை. நலிந்தோரைப் பேணுவது ஊரின் இரக்கத்துக்கு விடப்பட்டிருந்த நாட்டில், அது அரசின் கடமையாக எழுதப்பட்டது.

இனி, அந்தப் புகைப்படத்துக்குத் திரும்புவோம். கையொப்ப விழாவுக்குப் புறப்படும் வேளையில் பெர்கின்ஸுக்கு நியூயார்க்கிலிருந்து தொலைபேசிச் செய்தி வந்தது. கணவர் செவிலியரின் கண்காணிப்பிலிருந்து தப்பி எங்கோ போய்விட்டார். செய்தியைக் கேட்டுக்கொண்டு அவர் வெள்ளை மாளிகைக்குச் சென்றார். ரூஸ்வெல்ட்டுக்குப் பின்னால் நின்றார். கேமராக்கள் ஓய்ந்ததும் எவரிடமும் சொல்லாமல் ரயிலேறி நியூயார்க் சென்று, தெருக்களில் திரிந்துகொண்டிருந்த கணவரைத் தேடிக் கண்டுபிடித்தார். இலட்சக்கணக்கான குடும்பங்களின் சுமையைக் குறைக்கும் சட்டம் பிறந்த நாளில், அதைப் பெற்றெடுத்தவரின் வீட்டுச் சுமைக்கு அதில் ஒரு வரியும் இல்லை. மனநோயாளியைப் பேணும் குடும்பத்துக்கு உதவக்கூடிய மருத்துவக் காப்பீடு, வெட்டி எடுக்கப்பட்ட பகுதியில் இருந்தது.

1937-இல் உச்சநீதிமன்றம் சட்டத்தை ஏற்றது. 1940 ஜனவரி 31 அன்று முதல் மாதாந்திரக் காசோலை வெர்மான்ட் மாநிலத்தின் ஐடா மே ஃபுல்லர் என்ற ஓய்வுபெற்ற அலுவலகப் பணியாளருக்கு வழங்கப்பட்டது. தொகை 22 டாலர் 54 சென்ட். அவர் செலுத்தியிருந்த மொத்தப் பங்கு 24 டாலர் 75 சென்ட்தான். நூறு வயது வரை வாழ்ந்த அந்த அம்மையார் 22,000 டாலருக்கும் மேல் பெற்றார். இதற்கிடையே 1938-இல் குறைந்தபட்ச ஊதியத்துக்கும் வேலை நேரத்துக்கும் வரம்பு விதித்து, குழந்தைத் தொழிலைக் கட்டுப்படுத்தும் சட்டமும் வந்தது. பட்டியலில் மீதம் இருந்தது ஒன்றே ஒன்று.

பாராட்டுக்குப் பதில் பழியே அதிகம் கிடைத்தது. குடியேற்றத் துறை அப்போது அவர் பொறுப்பில் இருந்தது. ஆஸ்திரேலியாவில் பிறந்த துறைமுகத் தொழிற்சங்கத் தலைவர் ஹாரி பிரிட்ஜஸைக் கம்யூனிஸ்ட் என்று சொல்லி நாடு கடத்தக் கோரினர். சான்று போதாது என்று பெர்கின்ஸ் மறுத்தார். 1939-இல் அவரைப் பதவி நீக்கம் செய்யத் தீர்மானமே கொண்டுவரப்பட்டது. அவர் மறைமுகமாக ரஷ்ய யூதர் என்று வதந்தி பரப்பினர். விசாரணைக் குழு தீர்மானத்தைக் கைவிட்டது, காயம் ஆறவில்லை. அதற்கும் அவர் வெளியில் கலங்கிக் காட்டியதில்லை.

ரூஸ்வெல்ட் மறைந்தபின் 1945-இல் அமைச்சர் பதவியிலிருந்து விலகினார். பன்னிரண்டு ஆண்டுகள் அப்பொறுப்பில் இருந்தவர் அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பிறகு சில ஆண்டுகள் அரசுப் பணியாளர் ஆணையத்தில் இருந்தார். 1952-இன் கடைசி நாளில் கணவர் இறந்தார். முப்பத்து நான்கு ஆண்டுப் பணிவிடை அன்று முடிந்தது. ஓய்வுக்குப் பின்னரும் வருவாய் தேவைப்பட்டதால், முதுமையில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தச் சென்றார். அங்கே தேர்ந்தெடுத்த மாணவர்கள் தங்கும் இல்லமொன்றில் அவர்களே அழைக்க, எண்பது வயதில் ஓர் அறையில் குடியேறினார். அந்த அழைப்பை மணப்பெண்ணைப் போல மகிழ்ந்து ஏற்றதாக நண்பர்கள் நினைவுகூர்ந்தனர்.

1965 மே 14 அன்று நியூயார்க்கில் தமது 85-ஆம் வயதில் காலமானார். மெய்ன் மாநிலத்தின் நியூகாசில் ஊரில், குடும்பத்தின் பூர்வீக நிலத்துக்கு அருகே, கணவரின் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டார். வாழ்நாளெல்லாம் தம் பெயரை விட்டுக்கொடுக்காதவரின் கல்லறையில், பெர்கின்ஸ் என்பதோடு வில்சன் என்ற பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது.

அதற்கு 77 நாள்கள் கழித்து, ஜூலை 30 அன்று, அதிபர் லிண்டன் ஜான்சன் மிசௌரி மாநிலத்தில் ஒரு சட்டத்தில் கையொப்பமிட்டார். 1933-இன் பட்டியலில் எஞ்சியிருந்த மருத்துவக் காப்பீடு, அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கு மட்டும், சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் திருத்தமாக அன்று வந்து சேர்ந்தது.